தூண் போட்டால்தான் கட்டடமா?

கொழும்பு மாளிகாவத்தையில் பழைய வீடொன்றை உடைத்துவிட்டு, கீழே கடையும் மேலே களஞ்சியமுமாகக் கட்டத் தொடங்கினால் முதலில் எழும்புவது தூண். ஒன்பது அங்குலத் தூண்கள் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக நிற்கும். அவற்றின் தலையில் பீம், பீமின் மேல் கொங்கிரீட் தளம். எல்லாம் முடிந்த பிறகு, தூண்களுக்கு இடையே இருக்கும் வெற்றிடத்தைச் சீமெந்துக் கல்லால் அடைப்பார்கள். சுவர் கடைசியாக வருவது. அது எதையும் சுமப்பதில்லை என்பதே வரைபடம் கீறுபவர் முதல் மேசன் வரை, காணிக்காரர் முதல் கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் வரை எல்லோருடைய எண்ணமும். இரண்டு மாடிக் கடைக்கும் இருபது மாடித் தொடர்மாடிக்கும் ஒரே விதிதான்: தூண் இல்லையென்றால் பலம் இல்லை. சுவரிலேயே பாரத்தை ஏற்றுவது சின்ன வீட்டுக்குச் சரி, அந்தக் காலத்துக்குச் சரி, கடைக்கும் தொழிற்சாலைக்கும் சரிவராது என்று பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இந்த எண்ணத்தில் பாதி உண்மை. கம்பி இல்லாத சுவரைப் பற்றி அது சொல்வது பெரும்பாலும் சரி. கம்பி வைத்துக் கட்டிய சுவரைப் பற்றியோ அது எதுவுமே சொல்வதில்லை. அப்படியொன்று இருப்பதையே அது கணக்கில் எடுக்கவில்லை. இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பியதன் விலையைத்தான் ஒடுக்கமான காணிகளில் கட்டும் சிறு வியாபாரிகள் இன்று கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொழும்பின் வியாபாரம் நெடுங்காலம் சுவர்களின் மேல்தான் நடந்தது. கோட்டையில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆஸ்பத்திரியின் சுவர்கள் ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் தடிப்பு. 2011 டிசெம்பரில் அதே கட்டடம் கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. கூரைப் பாரம் இன்றும் சுவர் வழியாகத்தான் நிலத்துக்கு இறங்குகிறது. அப்படியிருக்கச் சுவர் ஏன் தோற்றது? தடிப்பினால் தோற்றது. இதற்குப் பாடநூல்கள் காட்டும் உதாரணம் சிக்காகோவின் மொனாட்நொக் கட்டடம். 1891இல் முடிந்த அதன் வடபாதியில் 16 மாடிகளைச் செங்கல் சுவர்களே தாங்குகின்றன. அடியில் சுவரின் தடிப்பு 6 அடி. தெருவோரக் கடைக்குக் கிடைக்க வேண்டிய இடத்தைச் சுவரே தின்றுவிட்டது. உருக்குச் சட்டகம் வந்ததும் அந்த வழியில் மேலே போக எவரும் விரும்பவில்லை.

ஆனால் அந்த 6 அடியும் பாரத்தைத் தாங்குவதற்கு மட்டும் வந்ததல்ல. செங்கல்லும் சீமெந்துக் கல்லும் அமுக்கத்தைத் தாங்குவதில் கெட்டிக்காரர்கள். இழுவையில் ஏறக்குறையப் பூச்சியம். காற்று பக்கவாட்டில் தள்ளும்போதும், தளத்தின் பாரம் சுவரின் நடுவில் இறங்காமல் ஓரத்தில் இறங்கும்போதும், சுவரின் ஒரு பக்கம் இழுபடப் பார்க்கிறது. கம்பி இல்லாத சுவரில் அந்த இழுவைக்கு எதிராக நிற்பது சுவரின் சொந்தப் பாரம் ஒன்றே. ஆகவே அகலம் வேண்டும், அகலத்தோடு பாரமும் கூடும், கூடிய பாரத்துக்காக அடிச்சுவர் இன்னும் தடிக்க வேண்டும். சுவருக்குள் ஒரு கம்பியை நிறுத்தினால் இந்தச் சங்கிலி அறுகிறது. இழுவையைக் கம்பி பார்த்துக்கொள்ள, அமுக்கத்தைக் கல் பார்த்துக்கொள்ளும். கொங்கிரீட் தூணுக்குள் நடப்பதும் இதைத் தவிர வேறொன்றுமில்லை.

செய்முறையும் மந்திரமல்ல. 390 மில்லிமீற்றர் நீளமும் 190 மில்லிமீற்றர் உயரமும் தடிப்பும் உள்ள, நடுவே இரண்டு குழி விட்ட சீமெந்துக் கல் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அத்திவாரத்திலிருந்து முன்கூட்டியே நிறுத்திய கம்பிகளில் கல்லைக் கோத்து இறக்கி, வரிசை வரிசையாகச் சாந்து வைத்துக் கட்டுகிறார்கள். மூலைகளில், கதவு யன்னல் ஓரங்களில், சுவரின் நீளத்தில் கணக்குப்படி குறித்த இடைவெளிகளில் நிலைக்கம்பி வரும். சில வரிசைகளுக்கு ஒருமுறை தொட்டி போல வெட்டிய கல்லை வைத்து, அதற்குள் கிடைக்கம்பி போகும். கம்பி உள்ள குழிகளில் சின்னச் சல்லியும் மணலும் சீமெந்தும் கலந்த இளக்கமான கலவையான கிரவுட்டை ஊற்றி நிரப்புவார்கள். தளம் வந்து உட்காரும் மட்டத்தில் சுற்றிவர ஒரு ரிங் பீம். தூணுக்குப் பலகை அடிப்பதில்லை. கல்லே பலகை, கல்லே தூண்.

இதைப் புதுமோகம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு வரலாறு துணை நிற்காது. மார்க் பிரூனெல் 1825இல் இலண்டன் தேம்ஸ் சுரங்கப்பாதைக்காக ரொதர்ஹைத்தில் 50 அடி விட்டமுள்ள செங்கல் கிணற்றை இரும்புக் கோல்களும் பட்டைகளும் வைத்துத்தான் கட்டினார். இந்திய அரசின் பொதுவேலைப் பகுதியில் ஏ. பிரெப்னர் என்ற பொறியியலாளர் கம்பியிட்ட செங்கல் வேலையைச் சோதித்து 1923இல் அறிக்கை வெளியிட்டார். அக்காலத்து இந்தியாவில் அது தளத்துக்கும் சுவருக்கும் பரவலாகவே பயன்பட்டது. 1933இல் கலிபோர்னியாவின் லோங் பீச் நிலநடுக்கத்தில் கம்பியில்லாப் பள்ளிக்கூடச் சுவர்கள் சரிந்த பிறகு, அந்த மாநிலம் சுவர்களைக் கைவிடவில்லை. கம்பி வைக்கச் சொன்னது. 1935 மே 31இல் குவெட்டா நகரம் தரைமட்டமானபோதும் இதே முடிவுதான்: கல் அடுக்கும் முறையிலேயே குழி விட்டு, அதில் கம்பி நிறுத்தும் கட்டு ஒன்று உருவாகி, அந்த ஊரின் பெயரிலேயே இன்றுவரை வழங்குகிறது. லாஸ் வேகாஸில் 1990இல் திறந்த எக்ஸ்கலிபர் ஹோட்டலின் 28 மாடிக் கோபுரங்கள் கம்பியிட்ட சீமெந்துக் கல் சுவர்களின் மேல் நிற்கின்றன. மாளிகாவத்தையில் எவரும் 28 மாடி கேட்கவில்லை. மூன்று மாடிக்குச் சுவர் போதாது என்று சொல்பவர் அந்த 28ஐ எங்காவது கணக்கில் வைக்க வேண்டும் அல்லவா?

கணக்கையே போட்டுப் பார்க்கலாம். பக்கத்துக்கு ஒன்றாகவும் நடுவில் ஒன்றாகவும் மூன்று சுவர்கள், இடையே 4 மீற்றர் பாய்ச்சலில் கொங்கிரீட் தளங்கள், நிலமட்டத்துக்கு மேல் களஞ்சியமாக இரண்டு தளமும் ஒரு மொட்டைமாடியும் என்று வைத்துக்கொள்வோம். மிக அதிகம் சுமப்பது நடுச்சுவர். தளமும் பூச்சும் சதுர மீற்றருக்கு 4 கிலோநியூட்டன், அடுக்கி வைக்கும் சரக்கு 5 கிலோநியூட்டன், சுவரின் சொந்தப் பாரம் மாடிக்கு மீற்றர் ஒன்றுக்கு 11 என்று கூட்டினால், நிலமட்டத்தில் ஒரு மீற்றர் நீளச் சுவரில் இறங்குவது ஏறக்குறைய 130 கிலோநியூட்டன். சாதாரணப் பேச்சில் 13 தொன். 190 மில்லிமீற்றர் தடிப்பால் வகுத்தால் சதுர மில்லிமீற்றருக்கு 0.7 நியூட்டன். பாதுகாப்புக்காகப் பாரத்தைப் பெருக்கினாலும் 1 நியூட்டன் அளவில்தான் நிற்கும். 7 நியூட்டன் பலமுள்ள கல்லால் ஒழுங்காகக் கட்டிய சுவர், மேசன் வேலையின் குறைகளுக்காக மூன்றரை மடங்கு கழித்து, சுவரின் ஒல்லிக்காக இன்னும் கொஞ்சம் கழித்த பிறகும் இதைத் தாங்கும். இந்தக் கணக்கில் கம்பி இன்னும் நுழையவேயில்லை. அது பக்கவாட்டுத் தள்ளலுக்கும் எதிர்பாராத இடிக்கும் கையிருப்பாக நிற்கிறது. இத்தகைய கட்டடத்தில் தூணும் பீமும் செய்வது, சுவர் செய்யக்கூடிய வேலையை இன்னொரு முறை காசு கொடுத்துச் செய்விப்பது.

அடுத்த ஆட்சேபம் முகப்பைப் பற்றியது. கடைக்கு முன்பக்கம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், உருட்டுக் கதவு வேண்டும், சுவர் கட்டினால் எங்கே வியாபாரம் செய்வது? இப்படிக் கேட்பவர்கள் மாளிகாவத்தைக் காணிகளின் உருவத்தை மறந்துவிடுகிறார்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிற்கும் துண்டுகளைப் பார்த்தால் தெரியும்: முகப்பு ஒடுக்கம், ஆழம் நீளம். பேர்ச்சஸ் கணக்கில் விலை பேசும் இந்த நிலத்தில் இரண்டு பக்கமும் காணி எல்லை வரை சுவர் எப்படியும் எழும்பும். பக்கத்துக் கடைக்கும் இதற்கும் நடுவே யன்னல் வைக்க முடியாது. முன்னும் பின்னும் திறந்து, இரு பக்கமும் முழு நீளத்துக்கு மூடிய பெட்டி இது. தளத்தை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பாய்ச்சினால் முகப்பில் எந்தப் பாரமும் இறங்காது. பத்தடி உருட்டுக் கதவுக்கு மேலே தொட்டிக் கல்லில் கம்பி வைத்து இரண்டு மூன்று வரிசை வார்த்தால் லிண்டலும் முடிந்தது.

இடத்தைத் தின்பது உண்மையில் தூண்தான். ஆறு அங்குலச் சுவரில் ஒன்பது அங்குலத் தூண் நின்றால் மூன்று அங்குலம் கடைக்குள் துருத்தும். கேட்க அற்பம். ஆனால் டயர் அடுக்கும் இரும்பு ராக்கையோ பில்டர் பெட்டி வைக்கும் தட்டையோ சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. தூணுக்குத் தூண் இடைவெளி அளந்து தனித்தனியாகச் செய்விக்க வேண்டும், ஒவ்வொரு தூணுக்குப் பக்கத்திலும் எலிக்கும் ஒட்டடைக்குமாக ஒரு சந்து மிஞ்சும். பன்னிரண்டடி அகலக் கடையில் நடைபாதை போக மிஞ்சுவது எவ்வளவு என்பது அங்கே சரக்கு இறக்குபவர்களுக்குத் தெரியும்.

தொழிற்சாலையும் பெரிய களஞ்சியமும் வேறு கதை. அங்கே பிரச்சினை பாரமல்ல, உயரம். பிரித்தானிய விதிநூலான பிஎஸ் 5628ம் அதன் இடத்தைப் பிடித்த ஐரோப்பிய விதிநூலும் சுவரின் உயரம் தடிப்பைப் போல 27 மடங்கைத் தாண்ட விடுவதில்லை. 190 மில்லிமீற்றர் தனிச்சுவரை 6 மீற்றருக்கு மேலே பிடிப்பின்றி எழுப்பினால் அந்த எல்லை கடந்துவிடும். உருக்குச் சட்டகம் போட்டுத் தகடு அடிப்பதைத் தவிர வழியில்லை என்ற முடிவு இங்கிருந்துதான் வருகிறது. இதற்கு விடை 1970களிலேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் டபிள்யூ. ஜீ. கர்ட்டினும் அவரது குழுவினரும் விளையாட்டு மண்டபங்களுக்கும் களஞ்சியங்களுக்கும் இரட்டைச் சுவர் கட்டினார்கள்: இரண்டு மெல்லிய சுவர்கள், இடையே குறுக்குச் சுவர்கள், மொத்தத் தடிப்பு அரை மீற்றர் அளவு. கல் கூடவில்லை, ஆனால் ஒல்லி 12 மடங்குக்கு இறங்கிவிட்டது. குழிக்குள் கம்பி வைத்து முறுக்கி இறுக்கினால் காற்றுக்கும் கவலையில்லை. உருகுவேயில் எலாடியோ டியெஸ்டே இன்னும் துணிந்தார். மொன்டெவிடியோ துறைமுகத்தில் 1970களின் கடைசியில் அவர் எழுப்பிய களஞ்சியத்தில் சுவர்கள் மட்டுமல்ல, ஏறக்குறைய 50 மீற்றர் பாயும் கூரையே கம்பியிட்ட செங்கல். அன்றைய உருகுவே செல்வந்த நாடல்ல. உருக்கை இறக்குமதி செய்ய வேண்டியிருந்ததும், செங்கல்லும் மேசனும் உள்ளூரில் கிடைத்ததுமே அவருக்கு அந்த வழியைக் காட்டின. இலங்கையின் நிலைமைக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

தீயைப் பற்றி இந்த விவாதத்தில் எவரும் பேசுவதில்லை. டயர், என்ஜின் எண்ணெய், ரெக்சின், பஞ்சுமெத்தை என்று பற்றினால் அணைக்க முடியாத சரக்கு மாளிகாவத்தையைச் சுற்றிய தெருக்களில் சுவருக்குச் சுவர் ஒட்டிக் கிடக்கிறது. வெளியில் தெரியும் உருக்கு 550 பாகை செல்சியஸ் அளவில் பலத்தில் பாதியளவை இழந்துவிடும். தகட்டுச் சுவர் சில நிமிடங்களில் நெருப்பைப் பக்கத்துக் காணிக்கு அனுப்பிவிடும். கிரவுட் நிரப்பிய 190 மில்லிமீற்றர் கல் சுவர் மணிக்கணக்கில் நின்றுபிடிக்கும். தீயணைப்பு வாகனம் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் நுழையத் திணறும் ஒரு வட்டாரத்தில் இந்த ஒரு காரணமே போதும். வேறெதையும் சொல்லாமல் இதை மட்டும் சொல்லியே இந்தக் கட்டுரையை எழுதியிருக்கலாம்.

கட்டடம் இடிந்து விழும் செய்தி வரும்போதெல்லாம் சுவர்மேல் பழி போடுவதும் வழக்கம். 2018 பெப்ரவரியில் அயலிலுள்ள கிராண்ட்பாஸில் பழைய களஞ்சியமொன்று இடிந்து உயிர்கள் போயின. பழைய சுவர்க் கட்டடம் என்றாலே ஆபத்து என்ற பேச்சு அப்போது எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் வெள்ளவத்தையில் வேலை நடந்துகொண்டிருந்த பல மாடிக் கட்டடம் இடிந்ததைக் கண்டு கொங்கிரீட் தூணே வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் கூடாது. இரண்டு சம்பவமும் அனுமதியையும் மேற்பார்வையையும் பற்றிக் கேள்வி எழுப்புகின்றனவேயன்றி, எந்த முறையில் கட்டுவது என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. முறையை வைத்தே பேசுவதென்றால் 2001 ஜனவரி 26இன் குஜராத் நிலநடுக்கத்தைப் பேச வேண்டும். அகமதாபாத்தில் சரிந்த தொடர்மாடிகளில் பல, கீழே வாகனத்துக்காகத் தூண்களை மட்டும் விட்டு மேலே சுவர் அடைத்த கொங்கிரீட் சட்டகங்கள். மேல்மாடிகள் விறைப்பாக நின்றன. கீழ்மாடித் தூண்கள் மடிந்தன. கீழே கடையைத் திறந்துவிட்டு மேலே அறை அடைக்கும் கொழும்புக் கட்டடத்துக்கும் அந்த உருவந்தான்.

மண்ணைப் பற்றிய ஆட்சேபம் வேறு வகை. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மாளிகாவத்தையும் தெமட்டகொடையும் கால்வாய்களும் பள்ளநிலங்களும் சூழ்ந்த பகுதி. சில காணிகளில் நிரப்பிய மண்ணுக்குக் கீழே சேறு. விறைப்பான சுவர் சீரற்ற தாழ்வைப் பொறுக்காது, வெடிக்கும். ஆயினும் தனித்தனி அத்திவாரத்தில் நிற்கும் தூண்களும் ஒவ்வொன்றாக வேறுவேறு அளவில் தாழும். அப்போது வெடிப்பது இடையே அடைத்த சுவர்தான். கம்பியிட்ட சுவர் தன் முழு நீளத்திலும் பாரத்தைப் பரப்பி இறக்குவதால், அகலமான தொடர் அத்திவாரமும் அதன் மேல் ஒரு பீமும் இருந்தால் சுவரே ஆழமான பீம் போல வேலை செய்து சிறிய தாழ்வுகளைச் சமாளிக்கும். ஆழமான சேறு கண்ட காணியில் பைல் அடிப்பது தவிர வழியில்லை. பைல் அடித்த பிறகு தூண் எழுப்புவதே இயல்பு. அங்கே சுவருக்காக வாதாடுவது பிடிவாதம். நிலத்தடி வாகனத் தரிப்பிடம், நடுவில் தடையில்லாத விழா மண்டபம், அடிக்கடி உள்ளமைப்பு மாறும் அலுவலகம் ஆகியவையும் சட்டகத்துக்கே உரியவை.

மிகப் பலமான ஆட்சேபம் மேசனைப் பற்றியது. குழிக்குள் ஊற்றிய கிரவுட் அடிவரை போனதா என்று யார் பார்ப்பது? நியாயமான கேள்வி. சாந்து உள்ளே பிதுங்கிக் குழியை அடைத்திருந்தால் மேலே ஊற்றியது நடுவழியில் நின்றுவிடும். வெளியில் பார்த்தால் சுவர் அழகாகவே இருக்கும். இதற்காகத்தான் கம்பி நிற்கும் ஒவ்வொரு குழியின் அடிக்கல்லிலும் ஒரு துவாரம் விடுகிறார்கள். ஊற்றுவதற்கு முன் அதன் வழியாகச் சாந்துக் கழிவைச் சுரண்டி எடுத்து, கம்பி நிற்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்து, பிறகு பலகை வைத்து அடைப்பார்கள். ஒரே மூச்சில் கூரை வரை ஊற்றாமல் நாலைந்து அடிக்கு ஒருமுறை ஊற்றிக் குத்த வேண்டும். கிரவுட் தண்ணியாக இருப்பதும் பிழையல்ல. காய்ந்த கல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கொங்கிரீட் தூணுக்கு இதைவிடக் கடுமையான மேற்பார்வை நடக்கிறதா என்றால், இல்லை. பலகை கழற்றியதும் சல்லி தெரியும் பொத்தல்களைச் சாந்தால் பூசி மறைப்பது தூண் வேலையில் அன்றாடக் காட்சி. மேசன் தூணுக்கு மட்டும் நாணயமானவர், சுவருக்கு இல்லை என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவுமில்லை.

உண்மையான பலவீனம் கல்லிலேயே இருக்கிறது. தெருவோரத்தில் அச்சில் குத்தி, இரண்டு நாள்கூடத் தண்ணீர் தெளிக்காமல் லொறியில் ஏற்றும் கல்லில் 7 நியூட்டன் எதிர்பார்க்க முடியாது. இறக்கும்போதே மூலை உதிரும். சீமெந்துக் கல்லுக்கு எஸ்எல்எஸ் 855 என்ற இலங்கைத் தரம் 1989 முதல் இருக்கிறது. அந்தத் தரம் பெற்ற கல்லா, சோதனை அறிக்கை உண்டா என்று வாங்குபவர் கேட்பதில்லை, ஏனென்றால் சுவர் எதையும் சுமக்காது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நல்ல கல் இல்லாததால் சுவரில் பாரம் ஏற்ற முடியாது என்பவர்களே, சுவரில் பாரம் ஏற்றாததால் நல்ல கல் செய்ய ஆளில்லாமல் போனதற்கும் காரணமாக இருக்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அழுத்திய மண் கல்லைக்கூடப் பாரம் தாங்கும் சுவருக்கு ஏற்றதென்று சோதித்துக் காட்டி, அதற்கும் தரம் வகுக்கப்பட்டுவிட்டது. கல் செய்யும் அறிவு நாட்டில் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

செலவைப் பற்றிப் பொதுவாக ஒரு தொகை சொல்வது ஏமாற்று. எது மிஞ்சும் என்பதைச் சொல்லலாம்: தூணுக்கும் பீமுக்கும் அடிக்கும் பலகை, அந்தப் பலகைக்குத் தச்சன் கூலி, வார்த்தபின் இறுகக் காத்திருக்கும் நாட்கள், அவற்றில் போகும் கம்பியின் பெரும்பகுதி. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை அடுத்த ஆண்டு மூவாயிரத்தை எட்டியபோது, கம்பி விலையும் கூடவே ஏறியபோது, பாதியில் நின்ற கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் நின்றன: தூண் எழும்பி, தளம் வார்த்து, சுவர் அடைக்கக் காசில்லாமல். உள்ளே சரக்கு வைக்க முடியாத எலும்புக்கூடு அது. சுவரால் எழும்பும் கட்டடத்தில் கீழ்மாடி முடிந்தால் கீழ்மாடிக்கு உருட்டுக் கதவு போட்டு வியாபாரம் தொடங்கலாம். பிறகொரு மாடிக்கென்று மொட்டைமாடியில் நீட்டிவிட்ட தூண் கம்பிகள் கடற்காற்றில் துருப்பிடித்து நிற்பது நகரமெங்கும் தெரியும் காட்சி. சுவர் முறையிலும் மேலே போகக் கம்பி நீட்டித்தான் ஆக வேண்டும், அந்தத் துரு இங்கும் வரும். நீட்டிய முனையைச் சீமெந்துப் பால் பூசி மெலிந்த கொங்கிரீட்டால் மூடி வைப்பது இரண்டு முறைக்கும் பொது வேலை.

கடைசியாகச் சொல்லப்படுவது, பிறகு சுவரை உடைத்து அறையைப் பெருப்பிக்க முடியாது என்பது. உண்மைதான், பாரம் தாங்கும் சுவரில் நினைத்த இடத்தில் வாசல் வெட்ட முடியாது. எதிர்காலத்தில் திறக்க வேண்டிவரும் இடங்களில் முதலிலேயே லிண்டல் போட்டு, இடையைக் கம்பியில்லாத கல்லால் அடைத்து வைத்தால் அந்தப் பகுதியை எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம். எது உடைக்கக்கூடியது, எது கூடாது என்று காட்டும் வரைபடம் மாநகர சபைக் கோவையில் மட்டும் கிடந்தால் போதாது. கட்டடம் கைமாறும்போது உறுதியோடு சேர்த்து அதன் பிரதியும் கைமாற வேண்டும், வாடகைக்கு எடுப்பவருக்கும் ஒன்று கிடைக்க வேண்டும்.